இருந்த நிலையிலேயே

தெருவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கையில் இருப்பதற்காகப் பாதி, வாயில் இருப்பதற்காகப் பாதி. அப்பேர்ப்பட்டவளே அன்று காலை தடுமாறிப் போனாள். சின்ன மாமா அவளுடைய பார்லருக்குள் செருப்போடு வந்து, அடுத்த மாதத்திலிருந்து வாடகை இரண்டு மடங்கு என்று, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். அவள் கையில் ஒரு வாடிக்கையாளரின் நுரை வழியும் தலை. அதைக் கீழே போடவா முடியும்?

"என்ன மாமா, திடீர்னு?"

"திடீர்னு என்னம்மா? விலைவாசி ஏறல? கட்டடத்துக்கும் வயிறு இருக்கு."

"ஊர்ல பாதிக் கடை மூடிக் கிடக்கு மாமா. எல்லாரும் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கற நேரம் இது."

"மூடினவனுக்குச் சாமர்த்தியம் பத்தல. நீ கெட்டிக்காரி." சொல்லிக்கொண்டே சுவரில் பதித்த டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்து மூடினார். "கட்டுப்படியாகலேன்னா காலி பண்ணிக்கோ. உன் கையைப் பிடிச்சு இழுத்து வெச்சிருக்கறது யாரு?"

சின்ன மாமா அவள் கணவனின் சித்தப்பா. நான்கு கடைகள் ஒட்டி நிற்கும் அந்த வரிசைக்குச் சொந்தக்காரர். முதல் கடை ஜெராக்ஸ் அக்காவுடையது. அடுத்தது பேக்கரிக்காரர். மூன்றாவதில் கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீன் விற்பவர். அவருக்குத் தங்கமீன் என்று பெயர் வைத்ததும் கத்திரிதான். கடைசிக் கடை அவளுடையது. நான்கு பேருக்கும் அன்று அதே செய்திதான்.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் அதை எடுத்தபோது அது கடையே இல்லை. சிமெண்டு மூட்டை அடுக்கும் கிடங்கு. தண்ணீர் கிடையாது, சாக்கடை கிடையாது, பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. மின்சாரம் என்று சொல்ல ஒரே ஒரு பல்பு ஹோல்டர், தூக்கில் தொங்குவது போலத் தொங்கியது. அவள் கணவன் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து ஒயர் இழுத்தான், குழாய் போட்டான், தரை பதித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துவிட்டு, எங்களுக்கும் செய்யுங்களேன் என்றார்கள். பொருளுக்கு அவர்கள் கொடுத்தார்கள். கூலி வாங்க அவனுக்குக் கூச்சம். "நம்ம சித்தப்பா கட்டடம்தானே" என்பான். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார்: "நம்ம கட்டடம்தானேடா!"

இப்போது காலம் கெட்டுக் கிடந்தது. ஊர் எல்லையில் இருந்த தொழிற்சாலை மூன்று ஷிப்டை ஒன்றாக்கிவிட்டது. மாதாமாதம் முடிக்குச் சாயம் போட்டவர்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு நடந்தார்கள். அம்மாக்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே முடி வெட்டிவிட்டு, எலி கடித்த மாதிரி ஆனபிறகு கத்திரியிடம் திருட்டு முழியோடு வந்து நின்றார்கள். பேக்கரிக்காரர் பாதித் தட்டுதான் ரொட்டி சுட்டார். "தன் வயித்துக்கே இல்லாதவன் மீனுக்கா தீனி வாங்குவான்?" என்று தங்கமீன் தொட்டிகளைப் பார்த்துப் புலம்பினார். ஜெராக்ஸ் அக்கா கடையில் மட்டும் கூட்டம். எல்லாம் வேலை போனவர்களின் விண்ணப்பங்கள். "இந்தக் காசை வாங்கவே கை கூசுது" என்பாள் அவள்.

அன்று மாலை கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் சித்தப்பாகிட்டப் பேசறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனான். இரண்டு மணி நேரம் கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தான்.

"பேசினீங்களா?"

"மோட்டார் ஓடலேன்னார். அதைப் பார்த்தேன்."

"வாடகை?"

"அது... மோட்டார் சத்தத்துல பேச முடியல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவன். சித்தப்பா வீட்டில் சாப்பிட்டு, சித்தப்பா கட்டிய பீஸில் படித்தவன். அவர் எதிரில் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது தெரிந்துதான் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் தெரிந்த கல்லில் இடித்துக்கொண்டாலும் கால் வலிக்கத்தானே செய்யும்?

"கட்ட முடியாதுங்க. காலி பண்ணித்தான் ஆகணும்" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. அவர் நல்லவர்தான்."

அவள் பதில் சொல்லவில்லை. கத்திரி பதில் சொல்லாமல் இருந்தால் அவனுக்குப் பயம். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துச் சின்ன அத்தை வந்தார். சின்ன மாமாவின் மனைவி. மாதம் ஒருமுறை முடிக்குச் சாயம் போட வருவார். சின்ன மாமாவின் உத்தரவுப்படி, சொந்தக்காரர்களுக்கு இலவசம். அந்த வரிசைக் கட்டடம் அத்தையின் நகையில் எழும்பியது என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பத்திரத்துக்கு மட்டும் தெரியாது.

கத்திரிக்குத் தொழிலில் ஒரு விதி உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னது தரையில் விழுந்த முடி மாதிரி. பெருக்கி வெளியே கொட்டிவிட வேண்டும், யாரிடமும் காட்டக் கூடாது. தெருவில் பாதிக் குடும்பங்கள் இன்னும் சேர்ந்து வாழ்வது அந்த விதியால்தான். சாயம் பூசிய தலையோடு முப்பத்தைந்து நிமிடம் உட்கார வேண்டும். எழவும் முடியாது, எங்கும் போகவும் முடியாது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் மனிதர்கள் என்னதான் சொல்ல மாட்டார்கள்!

சாயம் தோலில் ஒட்டாமலிருக்க அத்தையின் நெற்றி ஓரம் வாசலின் தடவி, வகிடு வகிடாகப் பிரித்துப் பூசி முடித்தாள். அத்தை கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே இருந்தார்.

"உன் மாமா ஒரு பெரிய கம்பெனிக்கு நாலு கடையையும் பேசி முடிச்சுட்டார், தெரியுமா?"

கத்திரியின் கையில் பிரஷ் நின்றது. "எப்போ அத்தை?"

"ரெண்டு மாசமாச்சு. நடுச்சுவரை எல்லாம் இடிச்சு ஒரே கடையாக்கப் போறாங்களாம். அதிகாரி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். தண்ணி, கரண்டு, தரை, சாக்கடை எல்லாம் ரெடியா இருக்கு, பத்தே நாள்ல திறந்துடலாம்னு ஒரே சந்தோஷம் அவருக்கு. அதுக்குத்தான் அவ்வளவு வாடகை தர்றாங்க."

"அப்போ எங்களுக்கு ரெண்டு மடங்குன்னது..."

"போங்கன்னு சொன்னா நோட்டீஸு, கோர்ட்டுன்னு நிப்பீங்க. நீங்களா போனா வம்பில்லையே." அத்தை புறங்கையில் விழுந்த சாயத் துளியைத் துடைத்தார். "இவ்வளவு வேலைக்கு எவ்வளவு செலவாச்சுன்னு அதிகாரி கேட்டார். ஒண்ணுமே ஆகலைங்க, எங்க அண்ணன் பையன் ஒரு கிறுக்கன், ஞாயித்துக்கிழமை தவறாம வந்து ஓசியில செஞ்சு குடுத்தான்னார் உன் மாமா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான்தான் காபி குடுத்தேன்."

கிறுக்கன்.

கத்திரிக்கு முதலில் காது சூடானது, பிறகு கண். ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் சாக்குத் துணி கட்டிக்கொண்டு, டைல்ஸ் ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்துப் பார்த்து வைத்த மனுஷன். "சித்தப்பா பார்த்தா சந்தோஷப்படுவார்" என்று சொல்லிச் சொல்லி வைத்தவன்.

"உங்க வாடகைப் பத்திரத்துல வேற என்னமோ எழுதியிருக்காராமே?" அத்தை நிறுத்தவில்லை. "எடுத்த அன்னிக்கு இருந்த நிலையிலேயே திருப்பித் தரணும், இல்லேன்னா முன்பணம் கிடையாதுன்னு. யாரு போய் இத்தனையையும் பேத்தெடுக்கப் போறா, முன்பணமும் எனக்குத்தான்னு அதை நினைச்சு நினைச்சுச் சிரிக்கிறார். படமெல்லாம்கூட ஒட்டி வெச்சிருக்காரு."

முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டதைச் சுவர்க் கடிகாரம் காட்டியது. இன்னும் இருபது நிமிடம் விட்டால் அத்தையின் தலை காக்காய்க்கூடு. அந்த ஆசை ஒரு கணம் வந்து போனது. கத்திரி அத்தையை எழுப்பி, பேசினில் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாள். வேலையில் துரோகம் செய்ய அவளுக்கு வராது. மற்றதில் வரும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் மூன்று கடைக்காரர்களையும் பேக்கரி பின்பக்கத்தில் கூட்டினாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தரையில் விழுந்த முடியைப் பெருக்கி எடுத்து மேசையில் கொட்டினாள்.

"முன்பணத்தையும் விழுங்கப் பார்க்கிறானா?" என்று தங்கமீன் எழுந்தார். "வாங்க, போய்ச் சட்டையைப் பிடிப்போம்."

"சட்டையைப் பிடிச்சா போலீஸு நம்மளைப் பிடிக்கும். உக்காருங்க" என்றாள் கத்திரி. "அக்கா, பத்திரம்?"

ஜெராக்ஸ் அக்கா நான்கு பத்திரங்களின் நகலையும் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் புதுப்பித்தபோது அவள் கடையிலேயே நகல் எடுத்தது. சின்ன மாமா தன் கைப்பட அந்த வரியை எழுதி, கடை கொடுத்த நாளில் எடுத்த படங்களைப் பின்னால் இணைத்து, ஒவ்வொரு படத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். உடைந்த தரை, ஓட்டைச் சுவர், துருப்பிடித்த ஷட்டர். கத்திரியின் கடைப் படத்தில், மூலையில் ஒரு பல்லிகூட இருந்தது.

"இருந்த நிலையிலேயே கேக்கறார்" என்றாள் கத்திரி. "குடுத்துடுவோம். இம்மியும் பிசகாம."

பேக்கரிக்காரருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அவர் செங்கல் செங்கலாகக் கட்டியது. "இதை இடிச்சா இன்னொண்ணு கட்ட என்கிட்டத் தெம்பில்லம்மா."

"விட்டுட்டுப் போனா?"

"அவங்க இடிப்பாங்க."

அவர் ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்து நான்கு பேருக்கும் கொடுத்தார். "அடுத்தவன் கையால சாகறதுக்கு என் கையாலயே சாகட்டும். சரி, துருப்பிடிச்ச ஷட்டருக்கு எங்கே போறது?"

"எங்கேயும் போக வேணாம்" என்று ஜெராக்ஸ் அக்கா சிரித்தாள். "கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கோமே!"

உண்மைதான். பழைய இரும்புக்கும் விலை உண்டு, ஒன்றைத் தூக்கிப் போட்டாலும் பணம் எடுத்து வை என்று சின்ன மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழைய ஷட்டர், உளுத்த கதவு, ஓட்டை விழுந்த தகரம், தொங்கிய ஹோல்டர் எல்லாம் எண் போட்டுப் பத்திரமாகக் கிடந்தன. கஞ்சன் பூட்டி வைத்த பொருள் என்றாவது ஒருநாள் விழித்துக்கொள்ளும்.

வீட்டில்தான் சிக்கல். ஒயரையும் குழாயையும் தெரியாதவன் உருவினால் ஆள் செத்துப்போவான். தெரிந்தவன் ஒருவன்தான். அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் உடைந்துவிடுவான், சொல்லாவிட்டால் அந்த ஆளை நல்லவர் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிறுக்கன் என்ற சொல்லை மட்டும் சொல்ல முடியாமல் விழுங்கப் பார்த்தாள்.

"முழுசாச் சொல்லு" என்றான்.

சொன்னாள்.

அவன் காபியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப் பையை இழுத்து, இடுக்கிகளுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் போட ஆரம்பித்தான். கடைசி இடுக்கியை எடுத்தபடியே கேட்டான்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?"

"என்னங்க..."

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். பழகின கிழமை."

அவள் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை சொன்னாங்கன்னு மட்டும் வெளியே வரக்கூடாது. என் நாற்காலியில உக்காந்து சொன்னது."

"நான் என்னிக்கு அங்கே வாய் திறந்திருக்கேன்?" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு அவள் கேட்டதில்லை. அவன் தோளில் சாய்ந்து அழுதாள். எண்ணெய்க் கையை அவள் மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடியே அவன் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலி செய்து சாவி தருகிறோம் என்று நான்கு பேரும் சின்ன மாமாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். முதலில் படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஜெராக்ஸ் அக்கா பேனாவோடு நின்று, "தரை, இடது மூலையில விரிசல்... சரி. ஜன்னல் இல்லை... சரி" என்று டிக் போட்டாள். டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. குழாய்கள் வெளியே வந்தன. சாக்கடை வாயை அடைத்தார்கள். அவன் ஒயரை உருவிச் சுருட்டி வட்டமாக அடுக்கினான். பின்சுவர் ஓட்டையைத் திறந்தபோது பதினோரு வருடம் அடைபட்டிருந்த வெளிச்சம் உள்ளே விழுந்தது. பேக்கரிக்காரர் அடுப்பை இடிக்கும்போது யாரையும் உள்ளே விடவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் செங்கல் தூசி, அதில் இரண்டு கோடுகள்.

மறுநாள் பத்து மணிக்குச் சின்ன மாமா வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கூடவே கம்பெனி அதிகாரி, கையில் அளவு டேப். நான்கு பேரும் சாவிகளோடு நின்றார்கள்.

"என்னம்மா, கிளம்பியாச்சா? மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் சின்ன மாமா. அப்போதுதான் ஷட்டரைப் பார்த்தார். துருப்பிடித்து, நடுவில் வயிறு தள்ளி, கீழே எலி போகும் சந்தோடு நின்றது.

தங்கமீன் அதைத் தூக்கினார். செத்தவனை எழுப்புகிற மாதிரி ஓர் அலறல் எழுந்தது.

உள்ளே பார்த்த அதிகாரி டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சார், நாங்க பார்த்த இடம் இது இல்லையே?"

சின்ன மாமா ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு ஓடினார். நான்காவதில் நின்றார். தூக்கில் தொங்கும் ஹோல்டர் அவர் நெற்றியில் இடித்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"ஒண்ணும் பண்ணல மாமா. பண்ணினதை எல்லாம் எடுத்துட்டோம்." படத்தைச் சுவரிலிருந்து எடுத்து நீட்டினாள். "நீங்க எடுத்த படம், உங்க கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. மூலையில ஒரு பல்லி இருந்துச்சு, அது மட்டும் கிடைக்கல. அதுக்கு வேணும்னா முன்பணத்துல கழிச்சுக்கோங்க."

பேக்கரிக்காரர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"தண்ணி லைன்?" என்று அதிகாரி கேட்டார். "கரண்டு? பத்து நாள்ல திறக்கணும்னு மேலிடத்துக்கு எழுதிட்டேனே சார்?"

"டேய்!" சின்ன மாமா கூட்டத்தின் பின்னால் நின்றவனைக் கண்டுபிடித்தார். "நீயுமாடா? உனக்குச் சோறு போட்டேன்டா நான்!"

கணவனின் தலை பழக்கப்படி குனிந்தது. போச்சு என்று நினைத்தாள் கத்திரி. குனிந்த தலை நிமிர்ந்தது.

"போட்டீங்க சித்தப்பா. மறக்கல. ஆனா இது ஓசியில செஞ்ச வேலை. எப்போ ஷாக் அடிக்கும்னு சொல்ல முடியாது. பெரிய கம்பெனிக்குக் குடுக்கறீங்க, பொறுப்பு வேணாமா? அதான் உருவிட்டேன்."

அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அதிகாரி போனை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தார். அவர் திரும்பி வரவில்லை. இரண்டே தெரு தள்ளி, மூடிக் கிடந்த துணிக்கடை ஒன்றை அந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. முன்பணத்தை நான்கு பேருக்கும் சின்ன மாமா திருப்பித் தந்தார். தராமல் இருக்க ஒரு வழியும் அவரே விட்டுவைக்கவில்லை.

ஆறு மாதம் ஓடியது. ஜெராக்ஸ் அக்காவும் கத்திரியும் சந்து ஒன்றில் ஒரு சின்ன இடத்தைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கம் விண்ணப்பம், பின்பக்கம் தலைமுடி. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே முடித்துக்கொண்டார்கள். தங்கமீன் மீன்களை வீட்டில் வைத்து விற்றார். பேக்கரிக்காரர் மட்டும் வேறு யாரோ ஒருவருடைய அடுப்பில் கூலிக்கு நின்றார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் கத்திரிக்கு அந்த வெற்றி தொண்டையில் கொஞ்சம் உறுத்தும். அதற்காக அதைத் துப்பிவிடவும் அவள் தயாராக இல்லை. பழைய வழியில் போகும்போது நான்கு ஷட்டர்களையும், அவற்றில் தொங்கிய "வாடகைக்கு விடப்படும்" அட்டையையும் ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அட்டையில் எழுத்து வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த இடிபாட்டுக்கு அந்தக் காலத்தில் யாரும் வாடகை கேட்டு வரவில்லை.

ஒருநாள் முற்பகல் சந்து வாசலில் ஒரு கார் நின்றது. சின்ன அத்தை இறங்கி வந்தார். வகிடெல்லாம் வெளுத்து, பாதித் தலை வெள்ளையாக இருந்தது. காருக்குள் சின்ன மாமா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரி ஒன்றும் கேட்காமல் துணி போர்த்தி, வாசலின் எடுத்தாள்.

"பழைய வாடகைக்கே வந்துடச் சொல்லுன்னு என்னை அனுப்பியிருக்கார்" என்றார் அத்தை. "ஒயரும் குழாயும் மட்டும் உன் வீட்டுக்காரன் போட்டுக் குடுக்கணுமாம். நம்ம கட்டடம்தானேன்னு சொல்லச் சொன்னார்."

கத்திரியின் கை நின்றது. பழைய வாடகை. தனி இடம், தனித் தண்ணீர். பேக்கரிக்காரருக்கு ஓர் அடுப்பு. அப்புறம், முழங்காலில் சாக்குத் துணி கட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்.

"முடியாது அத்தை."

"அப்பாடா!" என்றார் அத்தை. "நீ சரின்னு சொல்லியிருந்தாலும் முடியாதுன்னு சொல்லிட்டான்னுதான் போய்ச் சொல்லியிருப்பேன்."

கத்திரி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவளுக்குள் ஆறு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "அத்தை, அன்னிக்கு நீங்க வாய் தவறிச் சொன்னதை நான் வெளியே எடுத்துட்டேன். அது தப்பு. என் தொழில்ல நான் அப்படிச் செஞ்சதே இல்ல."

"வாய் தவறியா?" அத்தை தலையைத் திருப்பப் பார்த்தார், கத்திரி பிடித்து நேராக வைத்தாள். "என் பன்னெண்டு வளையலும் அந்தச் சுவருக்குள்ள இருக்கு. முப்பது வருஷமா அதுல ஒரு கடையை நான் கைகாட்டி இது என்னோடதுன்னு சொன்னதில்ல. பத்திரத்துல எழுதின வரியை வார்த்தை மாறாம வந்து ஒப்பிச்சேனே, அது வாய் தவறி வருமா? அதை மனப்பாடம் பண்ண எனக்கு ரெண்டு நாள் ஆச்சு!"

கத்திரிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. முன்பக்கத்திலிருந்து ஜெராக்ஸ் அக்கா எட்டிப் பார்த்தாள்.

அத்தை கைப்பையைத் திறந்து, மடித்த நோட்டுகளை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் வைத்து, மேலே சீப்பை வைத்தார். "இனிமே இலவசம் எல்லாம் கிடையாது. சாயத்துக்கு எவ்வளவு நேரமாகும்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் அத்தை."

அத்தை ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே சின்ன மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அது முடிஞ்சதும் தலைக்கு நல்லா ஒரு மசாஜ் பண்ணு" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."